நெடுஞ்சாலைக்கு அடியில் மாட்டு வழி

செவ்வாய்க்கிழமை ப்ரோகோப் வோந்த்ராவின் முப்பத்தொரு பசுக்களும் நெடுஞ்சாலைக்கு அடியிலிருந்த வழியில் தயங்காமல் நடந்து மறுபக்கம் போயின. புதன்கிழமை ஒன்றுகூட நுழையவில்லை. அதே மாடுகள், அதே வழி, அதே காலை ஒன்பதரை மணி. வியாழனும் நுழையவில்லை. வெள்ளிக்கிழமை எல்லாம் போயின. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. தினமும் அவர் பண்ணையில் பால் ஏற்றும் லாரிக்காரன் நான், எனக்கும் புரியவில்லை.

அது 1965 கோடை. எண்பதாம் எண் நெடுஞ்சாலை நெப்ராஸ்காவின் குறுக்கே மேற்காக வளர்ந்து எங்கள் யார்க் பக்கம் வந்திருந்தது. கான்கிரீட் போட்டாகிவிட்டது, வண்டிகளை இன்னும் விடவில்லை.

அந்தச் சாலை எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் நிலமெல்லாம் ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரங்கள். சதுரத்தின் ஓரத்தில் மண்சாலை, மண்சாலையை ஒட்டி வீடுகள். ஓரமாகவே நெடுஞ்சாலையைக் கொண்டுவந்தால் வீடுகளை இடிக்க வேண்டும். அதனால் அரை மைல் உள்ளே தள்ளி, சதுரங்களின் நடுவயிற்றில் கோடு போட்டார்கள். வீடுகள் தப்பின, பண்ணைகள் இரண்டாகின. லிங்கன் நகரைத் தாண்டியதும் எழுபத்திரண்டு மைலுக்கு ஒரு வளைவு கிடையாது. வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பென்சிலை இழுத்ததற்கு அத்தனை பேர் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். மேற்கே பிளாட் ஆற்றங்கரையில் இன்னும் சாமர்த்தியம். சாலையை உயர்த்த மண் தோண்டினார்கள்; பள்ளத்தில் தண்ணீர் ஊறியது. வேறு யாராவது அப்படிப் பள்ளம் போட்டுவிட்டுப் போனால் வழக்குப் போடுவோம். இவர்கள் அதற்கு ஏரி என்று பெயர் சூட்டி, மீன் பிடிக்க வரச்சொல்லிப் பலகையும் நட்டார்கள்.

வோந்த்ராவின் தொழுவம் வடக்கே மாட்டிக்கொண்டது, எண்பது ஏக்கர் மேய்ச்சல் தெற்கே. இரண்டையும் இணைக்க ஒரு கான்கிரீட் பெட்டி: பத்தடி அகலம், ஏழடி உயரம். அதை வரைந்தது ஹாலிடே-ரஸ்க் என்ற தனியார் பொறியியல் நிறுவனம். திங்கட்கிழமை அவர்களுடைய பொறியாளர் முன்னால் மாடுகள் அதில் நடக்க வேண்டும். நடக்காவிட்டால் வழியை மண் போட்டு மூடிவிட்டு, எண்பது ஏக்கரையும் பயனற்ற துண்டு என்று சாலைத் துறை எடுத்துக்கொள்ளும். மேய்ச்சல் போனால் மந்தையை விற்க வேண்டியதுதான். அறுபத்திரண்டு வயதில் வோந்த்ரா வேறு என்ன செய்வார்?

பொறியாளர் பெயர் டெல்மர் ரஸ்க், நிறுவனத்து ரஸ்க்கின் அண்ணன் மகன். வியாழக்கிழமையே வந்து, வோந்த்ராவின் மனைவி ஓட்டிலி பிளம்ஸ் பழம் வைத்துச் சுட்ட கொலாச்சி என்ற இனிப்பு ரொட்டியில் நாலைத் தின்றுவிட்டுத் தீர்ப்பு சொன்னார்.

"மிஸ்டர் வோந்த்ரா, டிசைன்ல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் புத்தகத்துல உள்ளபடி."

"அப்ப அந்தப் புத்தகத்த மாட்டுக்கு வாசிச்சுக் காட்டுங்க."

"இருட்டுன்னா மாடு மிரளும்னு மேல திறப்புகூட வச்சிருக்கோம். போற சாலைக்கும் வர்ற சாலைக்கும் நடுவுல, கம்பி போட்டு. இவ்வளவு யார் செய்வா? உங்க மாடுதான் சோம்பேறி. ஷாக் அடிக்கிற குச்சி ஒண்ணு வாங்குங்க."

"குச்சி வேலை செய்யுதான்னு மொதல்ல உங்க முதுகுல வச்சுப் பாத்துரலாமா, மிஸ்டர் ரஸ்க்?" என்றாள் ஓட்டிலி. அவர் ஐந்தாவது கொலாச்சிக்கு நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

சனிக்கிழமை அயோவாவில் ஏலத்தில் எடுத்த மாலினா என்ற பசு வந்து இறங்கியது. பிறந்ததிலிருந்து தொழுவத்திலேயே கட்டிப்போட்டு வளர்த்த மாடு. இறக்கிய கால் மணி நேரத்தில் பண்ணை வாசலில் இருக்கும் மாட்டுத்தடுப்பில் காலை விட்டுக்கொண்டது. மாட்டுத்தடுப்பு என்பது ஒரு பள்ளம். மேலே இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டு வரிசையாகப் பதித்திருக்கும். லாரி உருண்டு போய்விடும், மாட்டின் குளம்பு இடுக்கில் இறங்கிவிடும். எங்கள் கன்றுகள் ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு சாகும்வரை அந்த வரிகளின் அருகில் போவதில்லை. அதனால்தான் எங்கள் வாசல்களில் கதவு கிடையாது. மாலினாவின் காலை மூன்று பேர் சேர்ந்து, தோல் உரிந்ததோடு எடுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். முப்பத்தொரு மாடுகளும் வழியின் வாயில் முட்டிக்கொண்டு நின்றன. மாலினா மட்டும் நொண்டிக்கொண்டே உள்ளே போய், மறுபக்கம் புல்லில் வாய் வைத்தது.

"நேத்து வந்தவ! இவளுக்கு மட்டும் அப்படி என்ன தெரியும்?" என்றார் வோந்த்ரா.

"என்ன தெரியாதுன்னு கேளுங்க" என்றேன் நான். "உங்க மாட்டுக்கெல்லாம் தெரிஞ்சது, இவளுக்கு நேத்து மத்தியானம் வரைக்கும் தெரியாதது எது?"

"தடுப்பு. ஆனா நேத்துதான் பட்டாளே?"

"அவ மாட்டிக்கிட்டா, அவ்வளவுதான். கீழ பாத்து மாட்டல, எதுல மாட்டினோம்னே அவளுக்கு இன்னும் தெரியாது."

இரண்டு பேரும் உள்ளே நடந்தோம். நடுவில் வந்ததும் வோந்த்ரா நின்றுவிட்டார். மேலே திறப்பின் கம்பிகள் வழியாக வெயில் இறங்கித் தரையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பன்னிரண்டு வரி போட்டிருந்தது. அச்சு அசலாக மாட்டுத்தடுப்பு. ஒரு மேகம் சூரியனை மறைத்தது, வரிகள் அழிந்தன. மேகம் விலகியது, வரிகள் வந்தன.

"செவ்வாயும் வெள்ளியும் வானம் மப்பு, வெயிலே இல்ல" என்றேன்.

"அடப் பாவிகளா" என்றார் அவர், மெதுவாக. "மாடு தாண்டாம இருக்க நாங்க காசு குடுத்து வைக்கிறத, மாடு தாண்டுறதுக்குன்னு வச்சிருக்கானுங்களே!"

முதலில் திறப்பின் மேல் தார்ப்பாய் விரித்தோம். வரி போனது, கூடவே வெளிச்சமும் போனது. மாடுகள் இருட்டைப் பார்த்து மறுபடி வாயிலேயே நின்றன. வெளிச்சம் வேண்டும், நிழல் விழக்கூடாது. வெளிச்சத்தை வடிகட்டி உள்ளே பரப்புகிற ஒன்று வேண்டும்.

"கோழிக்கூட்டுக் கூரை" என்றாள் ஓட்டிலி.

கூரையில் பால் நிறத்தில் இரண்டு ஃபைபர் தகடுகள் இருந்தன. கோழிகளுக்கு ஒருநாள் வானத்தைக் காட்டிவிட்டு அவற்றைக் கழற்றி வந்தோம்.

திங்கட்கிழமை வெயில் கொளுத்தியது. முப்பத்திரண்டு மாடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. ரஸ்க் தன் தாளில், வடிவமைப்பு திருப்திகரம், கால்நடைகள் பழகிவிட்டன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலே ஏறிப் பார்க்கவில்லை. வோந்த்ராவும் சொல்லவில்லை, அந்தத் தாள்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

நெடுஞ்சாலைக்கு அடியில் மாட்டு வழி இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். திறப்பை மூடாதீர்கள், திறந்தும் விடாதீர்கள். கம்பிகளின் மேல் பால் நிற ஃபைபர் தகட்டை வைத்து, நாலு மூலையிலும் கம்பி கொண்டு கட்டுங்கள். வெளிச்சம் இறங்கும், வரி விழாது, மாடு போகும்.