வேறு கடைக் கறி

கட்டடங்களுக்குச் சிமெண்டுக் கலவை போடுகிற கலவைக்காரர் அன்று வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது சட்டைக்குள் ஒரு பொட்டலத்தை மறைத்துக்கொண்டு வந்தார். திருடிய பொருள் இல்லை, காசு கொடுத்து வாங்கியதுதான். ஆனாலும் எதிரே வந்தவர்கள் எல்லாரும் தன் வயிற்றையே பார்ப்பதுபோல் இருந்தது அவருக்கு. கறியின் குளிர்ச்சி அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு, படி ஏற ஏறச் சில்லிட்டது.

கதவைத் திறந்த மனைவி மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன இது, வயிறு ஒரு பக்கமா வீங்கிக் கெடக்கு?"

"கறி."

"கறிய எதுக்குப் புள்ளத்தாச்சி மாதிரி சுமந்துட்டு வர்றீங்க? பையில போட்டா கடிக்குமா?"

அவர் நேரே சமையலறைக்குள் போனார். பதில் சொன்னால் எந்தக் கடையில் வாங்கினார் என்பதையும் சொல்ல வேண்டிவரும்.

விஷயம் இதுதான். இவர்களுக்கு ஒரே மகள். அவள் ஒரு கறிக்கடைக்காரரை விரும்பினாள். பையன் உழைப்பாளி, குடி கிடையாது, சொந்தக் கடை. பன்றிக்கறி வெட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று பேர். பன்றிக்கறி என்றால் நாக்கில் எச்சில் ஊறுகிற நம் கலவைக்காரருக்கு, பன்றிக்கறி விற்கிறவன் மட்டும் ஏனோ ஆகவில்லை. பெண் கேட்டு வந்த அன்று, பத்துப் பேர் முன்னால், "நாள் பூரா கத்தி பிடிக்கிற கைக்கா என் பொண்ணு? என்னை மாமான்னு கூப்பிடுற வேலையெல்லாம் வெச்சுக்காதே" என்று வாயை விட்டுவிட்டார்.

கல்யாணம் நடந்துவிட்டது. மகள் நிம்மதியாக இருக்கிறாள். மருமகன்மேல் இவருக்கு இருந்த கசப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. ஆனால் மருமகன் சொல் தட்டாத பிள்ளை. கூப்பிடாதே என்றால் கூப்பிடாதேதான். மாமியாரை வாய் நிறைய 'அத்தை' என்பான். இவரை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டான். தொண்டையைச் செருமுவான். "இங்க பாருங்க" என்பான். ஒரு முறை இவர் குடையை மறந்து வைத்துவிட்டு அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பிவிட்டார். மருமகன் குடையும் கையுமாகத் தெரு நெடுகப் பின்னாலேயே ஓடி வந்தான், கையைத் தட்டிக்கொண்டே. யாரோ புறா விரட்டுகிறார்கள் என்று நினைத்து இவர் திரும்பியே பார்க்கவில்லை. ஒரே ஒரு 'மாமா'வில் முடிய வேண்டிய காரியம். பஸ் வரைக்கும் ஓடினான் பாவம்.

அன்றைக்குச் சிரித்தார். அப்புறம் அது வலித்தது. சைட்டில் கம்பி கட்டுகிறவருக்கும் ஒரு மருமகன் உண்டு. தினமும் சாயங்காலம் வண்டி எடுத்துக்கொண்டு வருவான். "ஏறுங்க மாமா. பாத்து மாமா. கால உள்ள தள்ளி வைங்க மாமா." ஒரு வண்டி ஏறுவதற்குள் எத்தனை மாமா! அதைக் கேட்கத்தான் கம்பிக்காரர் வேண்டுமென்றே மெதுவாக ஏறுகிறார் என்று இவருக்குச் சந்தேகம்.

போட்ட முடிச்சு இவருடையது. இவர்தான் அவிழ்க்க வேண்டும். முதலில் தானே 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டுவிட்டால் போதும், அந்தப் பக்கமிருந்து 'மாமா' தானாக வரும். இது புரிந்தது. நாக்கு எழும்பவில்லை. கலவை மிஷின் ஓடும்போது அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று, "வாங்க மாப்ளே! உக்காருங்க மாப்ளே!" என்று கத்திக் கத்திப் பழகினார். மிஷின் பட்டென்று நின்றுவிட்டது. மணல் சுமக்கிற பெண் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள்.

"யாருண்ணே மாப்பிள்ளை? எனக்குன்னா வேணாம். வீட்ல ஒருத்தர் இருக்காரு, அவரையே சமாளிக்க முடியல."

வாரத்துக்கு ஒரு நாள் மருமகன் கடைக்கு விடுமுறை. அது வார நடுவில் வரும். அன்றைக்கு ராத்திரி சாப்பிட வருகிறோம் என்று மகள் சொல்லியிருந்தாள். முந்தின நாள் காலையிலேயே மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "ஒவ்வொரு தடவையும் நான் வடிச்சுக் கொட்டுறேன், நீங்க ரெண்டு பேரும் செவுத்தப் பாத்துச் சாப்பிடுறீங்க. நாளைக்கு நீங்களே சமைங்க. வாய் செஞ்ச வேலைய கையாவது சரி பண்ணுதான்னு பாப்போம்."

வேலை முடிந்து வந்து சமைக்கிறவன் எதைச் சமைக்க முடியும்? இடுப்பு ஒரு பக்கம் கழன்று விழுகிறது. கிரேன் ஓட்டுகிற அம்மாதான் வழி சொன்னார். "முதுகெலும்புக்கு உள்பக்கமா நீளமா ஒரு சதை ஓடும்ணே. பன்னி உடம்புலயே அதான் மெதுசு. சட்டியில நாலாப் பக்கமும் செவக்க விடுங்க. மூடி போட்டுக் கொஞ்ச நேரம் விடுங்க. தேன், பூண்டு, அரைச்ச கடுகு, வினிகர், அவ்ளோதான். ஊத்திப் புரட்டுனா கண்ணாடி மாதிரி மின்னும். நான் வீட்டுக்குப் போயி, பிள்ளைங்க வீட்டுப்பாடத்த முடிக்கிறதுக்குள்ள எறக்கிடுவேன்."

அந்தச் சதையை எங்கே வாங்குவது? நேற்றே மருமகன் கடையில் வாங்கியிருக்கலாம். ஆனால் அவன் காசு வாங்க மாட்டான். மருமகனிடம் ஓசியில் கறி வாங்கி மருமகனுக்கே விருந்து வைத்தான் என்ற பேர் நமக்கு எதற்கு? பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கறிக்கடை இருக்கிறது. அங்கே வாங்கினார். வாங்கியதும்தான் மனசு உறுத்தியது. அதனால்தான் பொட்டலம் சட்டைக்குள் போனது.

மனைவி சமையலறை வாசலில் நாற்காலி போட்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். டிக்கெட் வாங்கிப் படம் பார்க்க வந்தவள் மாதிரி முகம்.

முதலில் பூண்டு உரித்தார். பிறகு வினிகரைக் கிண்ணத்தில் ஊற்றும்போது விரலில் கொஞ்சம் வழிந்தது. சிமெண்டு தின்ற விரல்கள், இடுக்கு இடுக்காக வெடிப்பு. வினிகர் பட்டதும் ஒற்றைக் காலில் ஆடிவிட்டார்.

"ஆட்டமும் உண்டா? சொல்லவே இல்லையே" என்றாள் மனைவி.

தேனைச் சேர்த்தார், கடுகைச் சேர்த்தார், மிளகு தூவினார். கரண்டியில் எடுத்துப் பார்த்தால் தண்ணீராக ஓடியது. கலவை விஷயத்தில் மட்டும் இவரை யாரும் ஏமாற்ற முடியாது. ஓடுகிற கலவை எந்தச் சுவரிலும் நிற்காது. அடுப்பைக் குறைத்து, கொதிக்க விட்டு, அடிக்கடி தூக்கிப் பார்த்தார். கரண்டி விளிம்பிலிருந்து விழ மனசில்லாமல் தொங்கியது ஒரு சொட்டு. "ம், இது நிக்கும்" என்று இறக்கிவைத்தார்.

கறிதான் மானத்தை வாங்கியது. இரும்புச் சட்டியில் நேராகப் படுக்கவைத்தார். வாசனை ஜோராக வந்தது. ஆனால் சூடு ஏற ஏறக் கறி வளைய ஆரம்பித்தது. இந்த நுனியை அமுக்கினால் அந்த நுனி எழுந்து உட்கார்ந்தது. அதை அமுக்கினால் இது. கடைசியில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அதன் முதுகில் ஏற்றினார். அப்போதும் இரண்டு நுனியும் வெளியே எட்டிப் பார்த்தன.

"வேகுதா, இல்ல தப்பிச்சுப் போகப் பாக்குதா?"

"ஏம்மா, வாய மூடிட்டு இருக்கியா?"

அழைப்பு மணி அடித்தது. கலவைக்காரர் கரண்டியோடு கூடத்துக்கு வந்தார். மகள் உள்ளே வந்தாள், பின்னால் மருமகன். "நல்லா இருக்கீங்களா அத்தை?" என்றான். இவரைப் பார்த்ததும் தொண்டையைச் செருமினான். "ம்... வந்துட்டோம்."

இப்போது சொல்ல வேண்டும். வாங்க மாப்பிள்ளை. இரண்டே வார்த்தை.

"வாங்க... வாங்க..." என்றார் கலவைக்காரர். இரண்டு வார்த்தைதான் வந்தது. இரண்டும் 'வாங்க'.

மகள் கரண்டியைப் பார்த்தாள். "அப்பாவா சமைக்கிறீங்க? அம்மா, பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிட்டியா?"

மருமகன் முகம் மலர்ந்தது. "முதுகுச் சதையா? வாசனையே சொல்லுதே" என்று நேரே அடுப்புக்குப் போனான். கறிக்கடைக்காரன் காலை யார் தடுக்க முடியும்? பாத்திரத்தைத் தூக்கினான். கறி சட்டென்று வில்லாக எழுந்தது. அவன் மலர்ச்சி அப்படியே உதிர்ந்தது. அடுப்பை அணைத்தான்.

"இது எங்க வாங்குனது?"

"கடையிலதான்."

"எந்தக் கடையில?"

கலவைக்காரர் கூரையைப் பார்த்தார். மருமகன் கத்தி முனையால் கறியைத் தொட்டுக் காட்டினான். "மேல வெள்ளையா ஒரு சவ்வு இருக்கு பாருங்க. அத உரிச்சுட்டுத்தான் குடுக்கணும். உரிக்காட்டி சூட்டுல சுருங்கி, கறிய இழுத்து வளைச்சுடும். நான் குடுத்த கறி இதுவரைக்கும் ஒருத்தர் வீட்லயும் வளைஞ்சதில்ல. சோம்பேறித்தனமா சவ்வோட குடுக்குறது ஒரே ஆள்தான். பஸ் நிறுத்தத்துக்காரர்கிட்டயா வாங்குனீங்க?"

மகள் தலையில் கை வைத்தாள். "அப்பா! அந்த ஆள் கடையா? நாளைக்கு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லுவாரே, 'அவனோட மாமனாரே என் கடைக்குத்தான் வர்றாரு'ன்னு!"

இதைக் கலவைக்காரர் யோசிக்கவே இல்லை. தன் மானத்தைத் தூக்கிப் பத்திரமாக வைக்கிற அவசரத்தில் அடுத்தவன் மானத்தை மிதித்துவிட்டார். சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மருமகன் வெடித்துவிட்டான்.

"ஒண்ணு கேக்குறேன் மாமா! என் கடை என்ன கடலுக்கு அந்தப் பக்கமா இருக்கு?"

கலவைக்காரர் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"ஊர்ல எல்லாரும் என்கிட்ட வாங்குறாங்க. உங்களுக்கு மட்டும் என்ன மாமா? என் கத்திய உங்களுக்குப் பிடிக்கல, சரி. என் கறி என்ன மாமா பண்ணுச்சு?"

அவர் காதில் மற்ற வார்த்தைகள் எதுவும் ஏறவில்லை. மூன்று. அவருக்குத் தெரியாமலேயே மனசு எண்ணிக்கொண்டிருந்தது.

"நீ காசு வாங்க மாட்டியேன்னுதான்..." என்று முனகினார்.

"வாங்குவேன் மாமா! எண்ணி வாங்குவேன்! சில்லறை குறைஞ்சா வீட்டுக்கே வந்து கேப்பேன்! அதுக்காக சவ்வு உரிக்காதவன்கிட்ட..."

மருமகன் நிறுத்தினான். தன் வாயிலிருந்து என்ன வந்துகொண்டிருக்கிறது என்று அப்போதுதான் அவனுக்கே கேட்டது. முகம் சிவந்தது. கத்தியை மெதுவாகக் கீழே வைத்தான்.

"மன்னிச்சுக்குங்க. அப்படிக் கூப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்க. கோவத்துல வாய் தவறிடுச்சு. இனிமே வராது."

மனைவி நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள். வந்த 'மாமா' திரும்பிப் போய்விடும் என்று கலவைக்காரருக்குப் புரிந்தது. இப்போது விட்டால் இந்த ஜென்மத்தில் இவன் கையைத் தட்டிக்கொண்டேதான் பின்னால் வருவான். நாக்கு எழும்புமா எழும்பாதா என்று பார்க்க அவகாசம் இல்லை.

"நிறுத்தாதீங்க மாப்ளே" என்றார். "திட்டுங்க."

மருமகன் விழித்தான்.

"தப்பு என்மேலதான் மாப்ளே. அந்தக் கடைக்குப் போனதும் தப்பு, அன்னிக்குப் பேசுனது அதவிடப் பெரிய தப்பு. மனசுல இருக்கிறத எல்லாம் திட்டுங்க. மாமான்னு சொல்லித் திட்டுங்க."

முதலில் சிரித்தது மகள்தான். அப்புறம் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மருமகன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், முதுகைக் காட்டி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

"முதல்ல இந்தக் கறியக் காப்பாத்துவோம்... மாமா" என்றான். இந்தத் தடவை கோபம் இல்லை. கூச்சம் இருந்தது. புதுச்செருப்பு போட்டு நடக்கிறவன் மாதிரி அந்தச் சொல்லை வைத்து வைத்துப் பார்த்தான்.

கத்தி நுனியால் சவ்வை அங்கங்கே கீறிவிட்டான். முறைத்துக்கொண்டு நின்ற கறி, சமாதானம் ஆனதுபோல் சட்டியில் நீட்டிப் படுத்தது. அடுப்பை மறுபடி பற்றவைத்து மூடினான். வெந்ததும் கலவைக்காரர் தன் பாகை ஊற்றினார். சுர்ரென்று பொங்கியது. தேன் காய்ந்து நிறம் ஏறியது. புரட்டப் புரட்டப் பாகு கறியைப் பற்றிக்கொண்டது. ஒரு சொட்டும் வழுக்கி ஓடவில்லை. விளக்கு வெளிச்சம் அதன்மேல் தெரிந்தது.

"பாகு யார் காய்ச்சுனது?" என்றான் மருமகன்.

"நான்தான்."

"இந்தப் பதம் எனக்கே வராது மாமா."

ஆறா, ஏழா? எண்ணிக்கை தவறிவிட்டது கலவைக்காரருக்கு.

கறியைப் பலகைக்கு மாற்றி மேசையில் வைத்தார்கள். அவர் உடனே கத்தியை எடுத்தார்.

"கைய எடுங்க மாமா! கொஞ்ச நேரம் ஆறணும், இப்ப வெட்டுனா சாறெல்லாம் ஓடிடும். காங்கிரீட் போட்ட கையோட அதுமேல ஏறி நடப்பீங்களா?"

கையை எடுத்துக்கொண்டார். எல்லாரும் உட்கார்ந்து, சோறு போட்டுக்கொண்டு, கறியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேனும் பூண்டும் கலந்த வாசனையில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. கலவைக்காரர் கை மறுபடி மெல்லக் கத்திப் பக்கம் நகர்ந்தது.

"மாமா!"

கை பின்வாங்கியது. நல்ல பிள்ளையாகத் தண்ணீர் குடித்தார். சோற்றைக் கிளறினார். பிறகு மறுபடியும் கத்தி.

"ஐயோ மாமா, சொன்னாக் கேளுங்க மாமா!"

"ஏம்ப்பா, பசிக்குதுன்னா முதல்ல வெறும் சோத்தச் சாப்பிடுங்களேன்" என்றாள் மகள். "அவர்தான் ஆறட்டும்னு இவ்ளோ தடவ சொல்றாருல்ல?"

"நீ சும்மா இரும்மா" என்றார் கலவைக்காரர். கை மேசைமேல் மறுபடி ஊர்ந்துகொண்டிருந்தது. "நாங்க பேசிக்கிட்டிருக்கோம்."