வாலு வராத காட்சி

டயர் கடை மாடி அறையில் அன்று ஒத்திகைக்கு இருந்தவர்கள் இவர்கள்தான். கதவையொட்டி, கைப்பிடி உடைந்த நாற்காலியில், நாடகத்தை எழுதி இயக்குபவர். ஜன்னல் திட்டில் ஃபிடில்காரர்; எங்கே சாய்ந்தாலும் கண்ணயர்ந்துவிடுவதால் குழுவில் அவருக்குத் தலையணை என்று பெயர். மூலையில் தையல் மெஷினுக்குப் பின்னால், இயக்குநரின் தங்கை; நாடக உடுப்புகளைத் தைப்பவள். நடுவில், சுருட்டிய போர்வையின் முன் மண்டியிட்டிருந்தவன் அவள் கணவன். நாடகத்தில் அந்தப் போர்வைதான் இறந்துபோன பிள்ளை. அவன் அதன் அப்பா.

அந்த வேஷத்தை அவனேதான் கேட்டு வாங்கினான். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் அவர்கள் மகள் போய்விட்டாள். வாலு என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். வீட்டில் அவன் கண் கலங்கினால் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அவளோ ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. மேடையிலாவது அழுது தீர்க்கலாம் என்று நினைத்தான். குழுவும் அப்படித்தான் கணக்குப் போட்டது: உள்ளதைக் காட்டப் போகிறான், நடிக்க என்ன இருக்கிறது?

ஆனால் ஒவ்வொரு ஒத்திகையிலும் அவன் தேம்பத் தேம்ப, மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். தலையணைக்கே தூக்கம் வரவில்லை, அவ்வளவு சங்கடம்.

"மாப்பிள்ளை, நீங்க அழறது உங்களுக்கே சரியாப் போயிடுது. எங்களுக்குப் பங்கு வரல" என்றார் இயக்குநர்.

"பொய்யா அழணுமா மச்சான்?"

"பொய் இல்ல. சோகம் வேற, கருணை ரசம் வேற. பழைய சாஸ்திரக்காரங்க ரெண்டையும் பிரிச்சுத்தான் வச்சிருக்காங்க. சோகத்துக்கு ஒரு வீட்டு விலாசம் இருக்கும். அந்த விலாசம் அழிஞ்சப்புறம் பாக்கறவன் மனசுல ஊறுது பாருங்க, அதுதான் ரசம். இப்ப நீங்க அழுதா, ஐயோ பாவம் இந்த ஆளுன்னு நினைப்பாங்க. அதோட சரி."

"சாஸ்திரம் எழுதினவருக்குப் பிள்ளை குட்டி இருந்துச்சான்னு விசாரிங்க" என்றார் தலையணை.

மச்சான் சிரிக்கவில்லை. "வாலுவை வெளிய விட்டுட்டு வாங்க மாப்பிள்ளை. எனக்கும் அவ மருமகதான். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கு."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி மண்டியிட்டான். யாரோ ஒரு அப்பா, யாரோ ஒரு பிள்ளை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். போர்வையின் ஓரம் விலகியிருந்தது. குளிருமே என்று நினைப்பவனைப் போல அதை இழுத்து மூடினான். மூடிய பிறகுதான், இனிக் குளிராது என்பது அந்த அப்பாவுக்கு உறைக்க வேண்டும். கையை அங்கேயே விட்டான். அவன் கண் காய்ந்தே இருந்தது.

தையல் மெஷின் நின்றுவிட்டது. தலையணை வில்லைக் கீழே வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். மூலையில் அவன் மனைவி, தைத்துக்கொண்டிருந்த சட்டையில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள்.

பிடிபட்டுவிட்டது என்று அவனுக்குள் ஒரு சந்தோஷம் துள்ளியது. காவல்காரன், தபால்காரன், மூன்றாவது சாட்சி என்று சின்ன வேஷங்களிலேயே இத்தனை வருஷம் ஓட்டியவன் அவன்.

சாயங்காலம் வீட்டில், துணி மடித்துக்கொண்டே அவள் கேட்டாள். "அப்ப யாரை நினைச்சீங்க?"

"யாரையும் நினைக்கல."

"வாலுவை?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல" என்றான்.

ஒரு துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "எனக்கு நல்லா இருந்துச்சுங்க. அழ அழ, நல்ல பாட்டு கேட்ட மாதிரி. இன்னொரு தடவை செய்ய மாட்டாரான்னு இருந்துச்சு. பெத்த பொண்ணுக்கு அழாதவ ஒரு போர்வைக்கு அழுதேன். அதுவும் ரசிச்சு."

"உங்கண்ணன் சொல்ற ரசமே அதுதானே. அதுல தப்பு ஒண்ணும்..."

"அவர் சொல்றது சரியாத்தான் இருக்கும். வேற யார் செஞ்சாலும் அது நாடகம்னு உக்காந்திருப்பேன். அவ அப்பா செய்யும்போது முடியல. ஊர் ஊராப் போய் நீங்க அதைச் செய்வீங்க, நான் மெஷினுக்குப் பின்னால ரசிச்சுக்கிட்டு இருப்பேன். அப்புறம் என்னைக்காவது அவளுக்காக அழ வந்தா, எது எதுன்னு எனக்கே தெரியாது. விட்டுடுங்க அந்த வேஷத்தை."

மடித்த துணிகளை அவன் எடுத்து அலமாரியில் வைத்தான். அவள் திரும்பக் கேட்கவில்லை.

மறுநாள் விடியற்காலையிலேயே மச்சான், தங்கும் இடத்தின் விலாசத்தைக் கொடுத்துவிட்டு, அரங்கம் வாடகைக்குப் பேச வெளியூர் போய்விட்டார். காலையில் அவன் தாளை எடுத்து, பள்ளியில் பழக்கிய ஒழுங்குப்படி வலது மூலையில் தேதி போட்டு, அன்புள்ள மச்சானுக்கு, நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினான். அப்பா வேஷத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன் என்றும் எழுதினான். காரணம் எழுதும் இடத்தில் பேனா நின்றது.

"என்னன்னு எழுத? நல்லா நடிச்சுட்டேன், அதனால நடிக்க மாட்டேன்னா?"

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இடுப்பு வலின்னு எழுதுங்க."

"உங்கண்ணன் நம்ப மாட்டாரு."

"நம்ப மாட்டாரு. ஆனா கேக்கவும் மாட்டாரு."

"எந்தப் பக்கம் வலி?"

அவள் யோசித்தாள். "இடது பக்கம்."

மண்டியிட முடியாத அளவுக்கு இடுப்பில் இடது பக்கம் வலிக்கிறது என்று எழுதினான். அழும் காட்சியை அத்தனை பேர் நம்பும்படி செய்தவனுக்கு இந்த ஒரு வரி பொருந்தவே இல்லை. படித்தால் தலையணைகூடச் சிரிப்பார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

பசை தடவி உறையை ஒட்டினான். ஓரம் எழும்பியது. அவள் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு தபால் பெட்டி வரை கூட வந்தாள். அங்கே அவள் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். அழுகிறாளா என்று அவன் பார்க்கவில்லை. உறையைப் பெட்டிக்குள் விட்டான்.