ரெண்டு விசில்

…மெழுகுவர்த்தியைப் பாதியாக வெட்டினால்தான் டப்பா மூடும், மூடாவிட்டால் பஸ் குலுக்கலில் எல்லாம் மடியில் கொட்டிவிடும், ஆனால் அரை மெழுகு எவ்வளவு நேரம் எரியும்?... எரிகிற வரைக்கும் எரியட்டும், ஞாயிற்றுக்கிழமை மலையேறப் போகிற கூட்டம் இருட்டுவதற்குள் இறங்கிவிடப் போகிறது, மெழுகே ஒரு தைரியத்துக்குத்தான்... கலைப்பிரியா திண்டிவனம் பஸ் நிலையத்தில், வீட்டுக்குப் போகும் விழுப்புரம் பஸ்ஸின் கடைசிக்கு முந்தின சீட்டில், மடியில் சோப்பு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பிளேடால் மெழுகை அறுத்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் கவரில் சுற்றிய தீப்பெட்டி, வட்டக் கண்ணாடி, ஊக்கு ஆறு, தண்ணீரில் போடுகிற குளோரின் மாத்திரை, உப்புச் சர்க்கரைப் பொட்டலம், சுருட்டிய நைலான் கயிறு. எல்லாவற்றுக்கும் அடியில், வேலை செய்கிற ஜெராக்ஸ் கடையில் அவளே டைப் அடித்து லேமினேட் போட்ட அட்டை: 'எனக்குக் காது கேட்காது. பயப்பட வேண்டாம். எழுதிக் காட்டவும்.' கீழே அம்மா நம்பர். யாரைப் பயப்பட வேண்டாம் என்று எழுதினோம், கண்டெடுக்கிறவர்களையா, நம்மையா?... ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் போன காது, பதினேழு வருஷமாகிறது, இதில் பயப்பட இன்னும் என்ன பாக்கி.

பாக்கி அம்மாவிடம்தான் இருக்கிறது. போன வருஷம் இதே மலையேறும் கூட்டத்தோடு செஞ்சிப் பக்கத்து மலைக்குப் போனபோது, அறுந்த செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தவள் நிமிர்ந்து பார்த்தால் முன்னே யாருமில்லை, பாறை, பாறை, அதற்கப்புறமும் பாறை. போனில் சிக்னல் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி முட்புதர். ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான், மூன்று மணி நேரம், கூட்டத்தை அழைத்துப்போன தென்னரசு சார் வந்து தோளைத் தொடுகிற வரைக்கும்... அன்றைக்கு அவர் தொண்டை கட்டிப்போயிருந்ததாக மற்றவர்கள் சொன்னார்கள், அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். அதிலிருந்து அம்மா கிருஷ்ணவேணிக்கு மலை என்ற பேச்சு வந்தாலே போதும், மாவுக் கையை உதறிக்கொண்டு எதிரில் வந்து நிற்பாள், "அத்தினி பேரு கத்திக்கினு இருந்தாங்க, ஒனக்குக் கேக்கல, நான் யாரைச் சொல்லி அழுவறது?" கேட்கவில்லை, அதனால்தான் தொலைந்தாள். அம்மாவும் அதையே சொன்னாள், தென்னரசு சாரும் அதையே சொன்னார், அவளும் தலையாட்டினாள். இந்தத் தடவை டப்பாவைக் காட்டினால் மனசு இறங்குவாள் என்று ஒரு நம்பிக்கை... நேற்று ராத்திரியே பாதி இறங்கிவிட்டாள், "அந்தக் கயிறு பத்துமாடி?" என்று கேட்டாளே, பிடிக்காதவள் கயிற்றைப் பற்றி எதற்குக் கேட்கப் போகிறாள்?

தென்னரசு சார் அனுப்பிய பட்டியலில் ஒன்று மட்டும் மிச்சம், விசில். காது கேட்காதவளுக்கு விசில் என்னத்துக்கு சார், என்று வாட்ஸ்அப்பில் சிரிக்கிற பொம்மையோடு அனுப்பியதற்கு உடனே பதில் வந்தது: 'அது உனக்கு இல்லம்மா, எங்களுக்கு. நீ ஊது, நாங்க வர்றோம்.' பஸ் நிலையத்துக்கு எதிர்க்கடையில் வாங்கிய இரும்பு விசில் இப்போது உள்ளங்கையில் சில்லென்று கிடந்தது. கடைக்காரர் ஊதிக் காட்டவில்லை, இவளும் கேட்கவில்லை... ஓட்டை விசிலாக இருந்தால்? மலைமேல் போய் ஊதி, ஊதி, காற்று மட்டும் போனால் தனக்கு எப்படித் தெரியும்? மெதுவாக ஊதினாள். உதடு கூசியது, யாரும் திரும்பவில்லை. போச்சு, ஓட்டைதான். இன்னொரு தரம் பார்ப்போமே என்று மூச்சை இழுத்துப் பிடித்து, பல் அதிர, ஒன்று, உடனே இன்னொன்று.

பஸ் குலுங்கியது. காலடித் தகடு கிடுகிடுவென்று அதிர, எதிர் பஸ்ஸின் சிவப்பு பின்னால் நகர... இல்லை, இந்த பஸ்தான் கிளம்பிவிட்டது! ஜன்னலுக்கு வெளியே கண்டக்டர், ஒரு கையில் டீ கிளாஸ், அக்குளில் பை, வாயெல்லாம் திறந்து ஓடி வருகிறார், உள்ளே மொத்த பஸ்ஸும் திரும்பி அவளைப் பார்க்கிறது, அப்போதுதான் உறைத்தது, ரெண்டு விசில் என்றால் டிரைவருக்கு 'போலாம்' என்று அர்த்தம். பஸ் நின்றது. ஏறி வந்தவரின் உதட்டைப் பார்த்தாள். "யாரும்மா விசில் அடிச்சது?"

"நாந்தாங்க. காது கேக்காது எனக்கு. வேலை செய்யுதான்னு ஊதிப் பாத்தேன்." அவர் குனிந்தால் கேட்கிற அளவுக்குத்தான் குரலை விட்டாள்.

அவர் விசிலைப் பார்த்தார், மடியிலிருந்த டப்பாவைப் பார்த்தார், சட்டையில் சிந்திய டீயைத் துடைத்துக்கொண்டார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்தது. "இன்ஜின் சத்தத்துல என் விசிலே அவருக்குக் கேக்காது. ஒன்னோடது கேட்டுடுச்சே!"

முன் சீட்டுக்காரம்மா தோள் குலுங்கச் சிரித்தாள், கலைப்பிரியாவும் சிரித்தாள், முகம் சூடாக... ஒரு மூச்சு விட்டதற்கு இத்தனை கழுத்து திரும்புமா, ஒரு பஸ்ஸே நகருமா... அப்படியானால் அன்றைக்கு? அந்தப் பாறையடியில் மூன்று மணி நேரம், விசில் இல்லை, சரி, தொண்டை இருந்ததே. அவர்கள் கூப்பிட்டது இவளுக்குக் கேட்கவில்லை, வாஸ்தவம், இவள் கூப்பிட்டிருந்தால் அவர்களுக்குக் கேட்டிருக்குமே? ஒரு தடவை கூட வாயைத் திறக்கவில்லை. அம்மா அதைக் கேட்கவில்லை, யாருமே கேட்கவில்லை, இவளுக்கே இத்தனை நாள் தோன்றவில்லை... காது போனபின் அஞ்சாம் வகுப்பில் வாய்விட்டுப் படிக்க எழுந்து நின்றபோது பெஞ்சு பெஞ்சாக வாயைப் பொத்திச் சிரித்தார்களே, அன்றிலிருந்தா? யாருமில்லாத மலையில் கூடவா, பாறைக்குக் கூடவா கூச்சப்பட்டாள்? டப்பாவுக்குள் இதற்கென்று எதை வைப்பது, தெரியவில்லை. கண்டக்டர் டிக்கெட் மிஷினோடு வந்து நின்றார். வழக்கமாக இந்த இடத்தில் போனில் ஊர்ப் பெயரை எழுதிக் காட்டுவாள். கை போனுக்குப் போய், பாதியில் நின்றது.

"விழுப்புரம் ஒண்ணு!"

சத்தம் அதிகமோ என்னவோ, முன் சீட்டுக்காரம்மா மறுபடி திரும்பினாள். திரும்பட்டும்.