முப்பத்து நான்கு டிக்

பாலர் பள்ளியின் கைகழுவும் அறையில் முப்பத்து நான்கு பல் பிரஷ்கள் தொங்கின. எழுத்துத் தெரியாத வயது என்பதால் ஒவ்வொன்றிலும் ஒரு படம் ஒட்டியிருந்தது: மீன், சாவி, குடை, லாரி. ஆயா பிள்ளைகளைக் கூப்பிடுவதே அந்தப் படங்களை வைத்துத்தான். "டேய் லாரி, முழுங்காதடா, துப்பு. குடைக்காரி, மேல் பல்லை யார் தேய்ப்பா, உன் மாமியாரா?"

பள்ளியிலேயே பல் தேய்த்துவிடும் திட்டம் தொடங்கிய மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அப்போது ஆயாக்கள் இரண்டு பேர். ஒருத்தி பட்டாணி அளவு பேஸ்ட் வைத்துக் கொடுப்பாள். மற்றவள் கூடவே நின்று கடைவாய்வரை பிரஷ் போகிறதா என்று பார்ப்பாள். பிறகு ஒருத்தி பிரசவத்துக்குப் போனவள் திரும்பவில்லை. அவள் இடத்துக்கு யாரையும் போடவுமில்லை. ஒற்றை ஆளாகப் பத்துப் பேரை முடிப்பதற்குள் ஒருவன் கால்சட்டையை நனைத்திருப்பான், ஒருத்தி அடுத்தவள் பிரஷை வாயில் வைத்திருப்பாள்.

"இப்படி இழுத்துக்கிட்டே இருந்தா பாடம் எப்ப நடத்துறது?" என்றார் பெரிய டீச்சர்.

"ஒரு ஆள் குடுங்க டீச்சர்."

"ஆளுக்கு நான் எங்க போவேன்? பல்லு தேச்ச கணக்குத் தாளை மட்டும் நிரப்பி வை. மாசாமாசம் மேல அனுப்பணும்."

அன்றிலிருந்து தினமும் முப்பத்து நான்கு டிக். முதல் வாரம் கை கூசியது. பிறகு யாருடனாவது பேசிக்கொண்டே அடிக்கப் பழகிவிட்டாள்.

குடைக்காரிக்கு நான்கு வயது. அவள் அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடுபவள். தூக்கக் கலக்கம் தெளியாத பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வருவாள். "காலைல பல்லு தேய்க்கவே நேரமில்லக்கா. இங்க தேச்சு விடுறீங்களேன்னு ஒரு தைரியம்" என்று ஒருமுறை சொன்னாள்.

"ஆமா ஆமா" என்று ஆயா பையை வாங்கிக்கொண்டாள்.

ஆண்டுக் கடைசியில் ஒரு நாள் குடைக்காரி கன்னம் வீங்கி வந்தாள். தொட்டால் சுட்டது. அந்த வாரமே பிள்ளைகளைப் பரிசோதிக்கப் பல் டாக்டர் வந்தார். அவள் வாயில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, அம்மாவை வரவழைக்கச் சொன்னார்.

"ஏழு பல்லு சொத்தை. மூணுல சீழ் கட்டியிருக்கு. மயக்க மருந்து குடுத்துத்தான் எடுக்கணும்" என்றவர் தாள்களைப் புரட்டினார். "இங்க ஒரு நாள் விடாம தேச்சிருக்காங்க. அப்புறமும் இப்படின்னா வீட்ல என்னதாம்மா குடுக்குறீங்க?"

"ராத்திரி அழுதா பால் புட்டி குடுப்பேன் சார்."

"சர்க்கரை போட்டா?"

"கொஞ்சம்."

"பெத்தவங்களே இப்படிச் செஞ்சா வேற யாரு என்ன பண்ணுவாங்க?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஆயா மடித்த துண்டையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். சொல்ல வாய்வரை வந்தது. வேலை போய்விட்டால் என்ற பயத்தில் மென்று விழுங்கினாள். பெரிய டீச்சர் அவள் பக்கம் பார்க்கவே இல்லை.

வாசலில் அம்மா ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இவ்வளவு பார்த்துக்கிட்டும் நான் கெடுத்துட்டேன்கா."

ஏழு பற்களையும் எடுத்துவிட்டார்கள். பத்து நாள் கழித்துக் குடைக்காரி வந்தபோது யாருடனும் பேசவில்லை. சிரிப்பு வந்தாலும் உதட்டை மடித்துக்கொண்டாள்.

"நேத்து பிஸ்கட் கேட்டு அழுதா. அடிச்சுட்டேன்கா" என்றாள் அம்மா. "இதுவரைக்கும் இவ மேல கை வெச்சதே இல்ல."

ஆயாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அடிக்காதம்மா. நாங்க தேய்க்கல."

"என்னக்கா சொல்றீங்க?"

"முதல் மாசம்தான் தேச்சோம். அப்புறம் தாள்ல மட்டும்தான். டிக் அடிச்சதெல்லாம் நான்தான்."

அம்மா கேட்டாள்: "டாக்டர் என்னைக் கேட்டப்ப நீங்க அங்கதானே நின்னீங்க?"

"நின்னேன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஆயா அழுதாவது தீர்த்திருப்பாள். அம்மா பிள்ளையைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிள்ளையை விட்டுவிட்டுப் போக அவளுக்கு வேறு இடமில்லை. "உள்ள போ" என்று பிள்ளையிடம் மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

"அவங்ககிட்ட சொல்லிட்டேன் டீச்சர்" என்றாள் ஆயா உள்ளே போய்.

பெரிய டீச்சர் தலை நிமிரவில்லை. "சொல்லி? பல்லு முளைச்சிடுச்சா?"

மறுநாளிலிருந்து ஆயா முடிந்தவரை தேய்த்துவிட்டாள். ஒரு நாள் பத்துப் பேர், ஒரு நாள் ஆறு பேர். மீதிக் கட்டங்களைப் பெரிய டீச்சரே நிரப்பி அனுப்பினார். குடைக்காரி மட்டும் பிரஷைக் கண்டாலே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு செருப்பு அலமாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். "வலிக்காதுடி கண்ணு" என்று ஆயா குனிந்து கெஞ்சுவாள். பிள்ளை இன்னும் உள்ளே நகர்ந்துகொள்ளும்.

அவள் அம்மா எப்போதும்போல் காலையில் கொண்டுவந்து விட்டாள், மாலையில் கூட்டிக்கொண்டு போனாள். பையை மட்டும் ஆயாவின் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள்.