ஐந்தாவது பாட்டுக்குப் பிறகு கைதட்டல்

2004-ஆம் ஆண்டு செப்டம்பரில் மரக்காணத்து மாதா கோயில் திருவிழாவுக்கு நடந்த இன்னிசைக் கச்சேரியின் கேசட்டில், கச்சேரிக்கு வராதவர்களின் கைதட்டலும் கேட்டது. முதலில் கண்டுபிடித்தது உப்பளத்தில் கூலி வேலை பார்க்கும் சகாயசெல்விதான். கேசட்டை இரவல் வாங்கிப் போய் வீட்டில் போட்டுக் கேட்டாள், பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள். அடுத்த வாரம் தமீம் அன்சாரியின் கேசட் கடையில் அதே கேசட் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது பாட்டு முடிந்து ஜனங்கள் கைதட்டுகிற இடத்தில் அவள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. அதைத் தொடர்ந்து, "அடுப்ப அணைடீ" என்று அவளே மகளை அதட்டுவதும் கேட்டது. கடை வாசலில் நின்றிருந்த சகாயசெல்வி, "இன்னா பாய் இது, என் கொரலு?" என்றாள். தமீம் அன்சாரி பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். விசில் அதே இடத்தில் அடித்தது. "உன் குக்கர்ல ரப்பர் போயிருக்குது, மாத்திடு" என்றார். அந்த ஆராய்ச்சி அதோடு முடிந்தது.

கச்சேரியைப் பதிவு செய்தவர் மைக் செட் சுப்ராயன். எந்தக் கோயில் கச்சேரியானாலும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு ஒயரை இழுத்து டேப்பில் செருகிவிடுவார். பதிவானதைத் தமீம் அன்சாரியிடம் கொடுப்பார், வெற்றுக் கேசட்டோடு யார் வந்தாலும் அவர் ஒரு பிரதி போட்டுத் தருவார். இந்தக் கேசட்டின் பிரதிகள் பெரிய முதலியார்சாவடிக்கும் இடையஞ்சாவடிக்கும் போயின, கப்பல் ஏறாமலே துபாய்க்கும் போயின. கொஞ்ச நாளில் அதன் குணம் எல்லோருக்கும் பிடிபட்டது. பாட்டு ஓடும்போது என்ன கத்தினாலும் ஏறாது. பாட்டு முடிந்து கைதட்டும் இடத்தில் பேசினால் ஏறிவிடும், எந்தப் பிரதியில் ஏறினாலும் எல்லாப் பிரதியிலும் கேட்கும். துபாயில் இருந்த தன் வீட்டுக்காரர் நிஷாத்துக்கு ஒரு பிரதி அனுப்பிய சாயிரா, தினமும் மூன்றாவது பாட்டுக்குப் பிறகு, "இன்னிக்கி மீன் கொழம்பு" என்று சொல்லி அவரை ஏங்கடித்தாள். அறுபது நிமிஷக் கேசட் ஒன்றரை மணி நேரம் ஓடியது. நாடா மட்டும் பருக்கவில்லை. 'கேசட் ஓடும்போது வீட்டில் சண்டை போடக் கூடாது' என்று தமீம் அன்சாரி கடையில் எழுதி ஒட்டினார். ஜனங்கள் முடிந்தவரை அதை மதித்தார்கள்.

சுப்ராயனுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. தன் கடை வாசலில் கரும்பலகை ஒன்றை வைத்து, பார்த்த படத்துக்கெல்லாம் விமர்சனம் எழுதுவார். ஊரில் பாதிப் பேர் அதைப் படித்துவிட்டுத்தான் கொட்டகைக்குப் போவார்கள். மீதிப் பேர் அவர் திட்டிய படமாகப் பார்த்துப் போவார்கள். பாராட்டு அவர் கைக்கு வராது. 'பாட்டு ஆறு, தேறியது ஒன்று' என்பார். 'கொட்டகையில் ஃபேன் நன்றாக ஓடுகிறது' என்று மட்டும் எழுதினால் படம் படுமோசம் என்று அர்த்தம். 1993-இல், கல்யாணமான புதிதில், மனைவி அம்சவள்ளியை ஊர்க் கொட்டகைக்கு மேட்னி ஷோவுக்கு அழைத்துப் போனார். இடைவேளையில் ஒருவர் வந்து, காதுகுத்து வீட்டில் ஆம்ப்ளிஃபயர் புகைகிறது என்று நின்றார். "நீ பாத்துனு இரு, வந்துடறேன்" என்று போன மனிதர் படம் முடியும்வரை வரவில்லை. அம்சவள்ளி காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்து, அழுது, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு தனியாக வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காலை தண்ணீர்க் குடத்தோடு வரும்போது பலகையைப் படித்தாள். 'முதல் பாதியே அதிகம். மிச்சத்துக்கு உட்கார்ந்திருக்க வேண்டாம். வீட்டுக்குப் போய்விடலாம்' என்று எழுதியிருந்தது.

கல்யாணமான பெண்ணிடம் வீட்டுக்குப் போகச் சொன்னால் அது எந்த வீடு என்பதை இந்தப் பக்கத்தில் யாரும் விளக்குவதில்லை. அம்சவள்ளி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, கிளியனூரில் இருந்த அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். படத்தைச் சொன்னால் இவளுக்கு ஏன் பொத்துக்கொண்டு வருகிறது, கோபம் தணிந்தால் தானாக வருவாள் என்று சுப்ராயன் இருந்தார். தப்பை உணர்ந்தால் தானாக வந்து கூப்பிடுவார் என்று அவள் இருந்தாள். இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேருக்கும் வீம்பு. அப்படியே பதினோரு வருஷம் ஓடிப் போயிற்று. பார்க்காத பாதிக்கும் சேர்த்துத்தான் எழுதினோம் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, தன்னிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. உப்புப் பாத்திகளில் சேறு நின்றது, குப்பத்தில் ஆட்கள் போனார்கள். கொஞ்ச நாள் கழித்து, போனவர்களின் வீட்டார் ஒவ்வொருவராகத் தமீம் அன்சாரியின் கடைக்கு வந்து அந்தக் கேசட்டைக் கேட்டார்கள். போனவர்களின் கைதட்டல் அதில் அப்படியே இருந்தது. ஓர் அம்மா, நாலாவது பாட்டுக்குப் பிறகு தன் மகன் விசில் அடிக்கும் இடம் மட்டும் போதும் என்றாள். தமீம் அன்சாரி பாட்டையெல்லாம் விட்டுவிட்டு அந்த விசிலை மட்டும் ஒரு கேசட் முழுக்கப் பதிந்து கொடுத்தார். அதைப் பக்கத்திலிருந்து பார்த்த சுப்ராயன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அந்த வருஷம் கல்யாணம், காதுகுத்து என்று எதற்கும் யாரும் மைக் செட் வைக்கவில்லை. வேலையில்லாத சுப்ராயன், தமீம் அன்சாரியிடம் பழைய படங்களின் சிடிக்களை இரவல் வாங்கி, தான் எப்போதோ திட்டிய படங்களை மறுபடி பார்க்கத் தொடங்கினார். பலகையில் புது மாதிரி விமர்சனம் வந்தது. '1991-இல் இதைக் குப்பை என்று எழுதினேன். இப்போதும் குப்பைதான். ஆனால் அப்பாவாக வருகிறவர் மகளை பஸ் ஏற்றிவிடும்போது நானும் கூடவே போய் வந்தேன்' என்று ஒருநாள் எழுதினார். ஜனங்கள் நின்று படித்தார்கள். மாசக் கணக்கில் இப்படி நடந்தது. ஒரே ஒரு படத்தை மட்டும் அவர் எடுக்கவே இல்லை. அது எந்தப் படம் என்று சகாயசெல்விக்குத் தெரியும், தமீம் அன்சாரிக்குத் தெரியும், துபாயில் இருந்த நிஷாத்துக்கும் தெரியும்.

திண்டிவனத்திலிருந்து பாண்டிக்குப் போகும் பஸ் டிரைவர் ஒருவரிடம் அந்தக் கச்சேரிக் கேசட்டின் பிரதியைக் கொடுத்து, கிளியனூரில் இன்னார் வீட்டில் சேர்த்துவிடச் சொன்னது தமீம் அன்சாரிதான் என்பது ஊரின் முடிவு. அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. எப்படியோ, 2005 ஆகஸ்டில் ஒரு மத்தியானம், ஐந்தாவது பாட்டு முடிந்த இடத்தில் "ஒன்ஸ்மோர்!" என்று ஒரு பெண் குரல் கத்தியது. ஐந்தாவது பாட்டு அந்தப் படத்தின் பாட்டு, இரண்டாம் பாதியில் வருவது. கேசட்டில் இருந்த பாடகர் சிரித்துக்கொண்டே "பாடிட்டா போச்சு" என்று சொல்லி, முழுப் பாட்டையும் மறுபடி பாடினார். கடையில் உட்கார்ந்திருந்த சுப்ராயன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"யாருண்ணே அது?" என்றாள் சகாயசெல்வி.

"யாரோ."

"யாரோன்னா நீ ஏன் முழிக்கிற? போ, போய் அந்தப் படத்தப் பாரு."

படம் இரண்டு சிடியாக இருந்தது. தமீம் அன்சாரியின் கடையில் முதல் சிடி மட்டும்தான் கிடைத்தது. இரண்டாவதை அவரே பல கடைகளில் தேடி, கடைசியில் கோட்டக்குப்பத்தில் பிடித்துக் கொண்டுவந்தார். சுப்ராயன் பகலிலேயே கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார். இரண்டாம் பாதியில் கதாநாயகி புருஷனுக்குச் சோறு கட்டிக்கொண்டு போய் ரயில்வே ஸ்டேஷனில் காத்திருக்கிறாள். ரயில் வருகிறது, அவன் வரவில்லை. அடுத்த ரயிலிலும் வரவில்லை. அவள் டிபன் கேரியரைத் திறந்து, பாதியைச் சாப்பிட்டுவிட்டு, பாதியை மூடி மடியில் வைத்துக்கொள்கிறாள். அப்போதுதான் அந்தப் பாட்டு. பக்கத்தில் காலி நாற்காலியை வைத்துக்கொண்டு அம்சவள்ளி இதைப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்ததும் சுப்ராயன் படத்தை நிறுத்தினார். அவர் வாய்விட்டு அழுதார். இத்தனை வருஷம் கழித்து அழுகிறோமே என்று வெட்கப்பட்டு, அதற்கும் சேர்த்து அழுதார்.

பலகையில் எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். மரக்காணத்துப் பலகை கிளியனூருக்குத் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது. கேசட்டைப் போட்டு, ஐந்தாவது பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்ததும், பலகையைப் பார்த்து உரக்கப் படித்தார்: "இந்தப் படத்துல பாதியத்தான் பாத்தேன். பாக்காத பாதிக்கும் சேத்து எழுதிட்டேன். தப்பு என்னுது. மறுபாதிலதான் படமே இருக்குது." அன்று சாயங்காலத்துக்குள் எல்லாப் பிரதியிலும் அது கேட்டது. துபாயில் நிஷாத்தின் அறையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்று அந்தக் கைதட்டலை வைத்தே தெரிந்தது. கிளியனூரிலிருந்து மட்டும் சத்தமில்லை. சுப்ராயன் தினமும் போட்டுக் கேட்டார். மழைக்காலம் வந்து உப்பளங்களில் வேலை நின்றது, பொங்கலும் போயிற்று. அவர் இளைத்துவிட்டார்.

2006 பிறந்து பாத்திகளில் மறுபடி தண்ணீர் கட்டிய சமயத்தில், கைதட்டலுக்கு நடுவில் அவள் குரல் வந்தது. "அந்த ஸ்டேஷன் சீன்ல அழுதீங்களா?" என்று கேட்டது. மூன்றாம் மனுஷரிடம் பேசுகிற மாதிரி மரியாதை போட்டிருந்தாள். சுப்ராயன் ஓடிப் போய் டேப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அழுதேன்" என்றார். "வந்துடு அம்சா" என்றார். அடுத்த நாள் நிஷாத், "அண்ணி, அண்ணன் பாவம் அண்ணி, போய்டுங்க" என்று சிபாரிசு செய்திருந்தார். சாயிராவும் தன் பங்குக்கு எதையோ சொல்லியிருந்தாள். எல்லாவற்றுக்கும் அடுத்து அம்சவள்ளியின் பதில் வந்தது. "ஊரக் கூட்டிவச்சு கேசட்ல கூப்ட்டா யாரு வருவா? பஸ்ஸுல வரணும்யா, பஸ்ஸுல!" என்றாள். மரியாதை போனதைக் கேட்டுக் கடையில் இருந்த எல்லோருக்கும் உயிர் வந்தது. "இன்னும் இன்னாண்ணே குந்தினுகீற?" என்று சகாயசெல்வி விரட்டினாள். சுப்ராயன் சட்டையை மாற்றிக்கொண்டு புறப்பட்டார்.

திண்டிவனம் போய் பஸ் மாற வேண்டும். தமீம் அன்சாரி அன்று வியாபாரம் பார்க்கவில்லை. ஐந்தாவது பாட்டை ஓட்டுவதும், கைதட்டலைக் கேட்பதும், பின்னால் ஓட்டுவதுமாக இருந்தார். கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. உப்பளத்திலிருந்து வந்தவர்கள் கால் கழுவாமல் நின்றார்கள். நாலைந்து தடவை புதிதாக ஒன்றுமில்லை. அதற்கடுத்து ஓடவிட்டபோது பாட்டு முடிந்தது, கைதட்டல் எழுந்து அடங்கியது, செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"அம்சா."

நாடா சுற்றிக்கொண்டுதான் இருக்கிறதா என்று தமீம் அன்சாரி குனிந்து பார்த்தார். பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம் வந்தது.

"சாப்ட்டியா?" என்றது அம்சவள்ளியின் குரல்.

"இல்ல."

"கை கழுவிட்டு வா."

மரக்காணத்தில் கைதட்டினார்கள், அது ஒரு பக்கம். கேசட்டில் இருந்தவர்களும் தட்டினார்கள். இடையஞ்சாவடியில், துபாயில், இன்னும் எங்கெங்கோ தட்டினார்கள். கடல் கொண்டுபோனவர்களும் தட்டினார்கள், குப்பத்துப் பையனின் விசில் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அது ஓய்ந்த பிறகு ஆறாவது பாட்டு ஆரம்பித்தது.

மறுநாள் மத்தியானம் சுப்ராயனும் அம்சவள்ளியும் மரக்காணத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கினார்கள். கடைத்தெரு வழியாக நடந்து வீட்டுக்குப் போனார்கள். வழியில் ஒருவரும் எதையும் கேட்கவில்லை. எல்லாவற்றையும்தான் கேட்டாயிற்றே.