எல்லாப் பாயின்ட்டும் பேச்சுக்கு

அப்பாவை மறுபடியும் ஓநாய் கடித்துக் கொன்றது. காலையிலிருந்து இதே கதைதான். மகள் கன்ட்ரோலரை சோபாவில் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். டிவி திரையில் அப்பாவின் ஆள், பெரிய காதுகளோடு ஒரு நோஞ்சான், புல்தரையில் மல்லாந்து கிடந்தான். அவளுடைய ஆள், இரும்புக் கவசம் போட்ட வாட்டசாட்டமான ஒரு பெண், பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

"ஓநாய்கிட்ட போய் என்னப்பா பேசுனீங்க?"

"பேசலாம்னு காட்டுச்சு," என்றார் அப்பா. பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு நாக்குத் தடித்துவிட்டது. சொற்கள் ஈரத்துணிகள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. "ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்."

"என்ன?"

"பசிக்குதான்னு."

சமையலறையிலிருந்து அம்மா சிரிப்பது கேட்டது. மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. பல் மருத்துவமனை ஒன்றின் லேபில் பொய்ப்பல் செய்கிறவள் அவள். சேர்த்து வைத்திருந்த லீவையெல்லாம் மொத்தமாகப் போட்டுவிட்டு, பெட்டியோடு பெற்றோர் வீட்டில் வந்து உட்கார்ந்திருப்பது, அப்பா ஓநாயிடம் நலம் விசாரிப்பதைப் பார்க்க அல்ல.

இந்த விளையாட்டை வாங்கி வந்ததே அவள்தான். அப்பாவின் வலது கைக்கு உயிர் வர வேண்டும் என்று, பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வருகிற பிசியோதெரபிக்காரப் பெண் ஒரு ரப்பர் பந்தைப் பிசையச் சொல்லியிருந்தாள். அப்பா அதை ஜன்னல் மேடையில் வைத்ததோடு சரி. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் என்று தெரிந்ததும் அந்தப் பெண்தான் யோசனை சொன்னாள்: வீடியோ கேம் ஏதாவது கொடுத்துப் பாருங்கள், பிடியை ஆட்டிப் பழகின கை, விளையாட்டுப் போக்கில் தானாக அசையும். யோசனையில் குறை ஒன்றும் இல்லை. வேலை பார்த்த காலம் முழுக்க அப்பா அந்தரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து, இரண்டு கைப்பிடிகளை அசைத்தே வீடு அளவுக்குப் பெரிய பெட்டிகளைத் தூக்கிக் கப்பலில் வைத்தவர். இதில் வாளை வீச வலது கட்டைவிரல் வேண்டும், கேடயத்தைத் தூக்க வலது ஆள்காட்டி விரல் வேண்டும். அடித்துப் பிடித்து நாலு சண்டை போட்டால் பந்தே தேவையில்லை.

வினை முதல் நாளே ஆரம்பித்துவிட்டது. ஆட்டத்துக்குள் நுழையும் முன் ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கிக்கொள்ள வேண்டும். மகள், விளையாட்டு முதலில் காட்டிய முகத்தையே எடுத்துக்கொண்டு, கையிலிருந்த டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டாள். அப்பா காலைச் சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்தவர் மதியச் சாப்பாடு வரை மூக்கிலேயே இருந்தார். பிறகு காதுக்கு வந்தார். இழுத்தார், குறைத்தார், மறுபடி இழுத்தார். தாடையை உள்ளே தள்ளி வைத்தார்.

"இந்தத் தாடைக்கு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரவே சேராதுப்பா. இவனால எதையும் மெல்ல முடியாது."

"முழுங்கிக்குவான்."

கடைசியில் திறமைகளுக்குப் பாயின்ட் பிரித்துக் கொடுக்கும் பக்கம் வந்தது. பலம், வேகம், தாங்கும் சக்தி, மந்திரம், பேச்சு. அப்பா கையிலிருந்த பாயின்ட் அத்தனையையும் பேச்சில் கொண்டுபோய்க் கொட்டினார்.

"பலத்துக்கு ஒண்ணுகூட இல்லையா? நாம சண்டை போடப் போறோம்பா."

"பேசிப் பாக்கலாம்," என்றார்.

அன்று தொடங்கிய பேச்சுதான். ஆடு மேய்க்கிறவனிடம் பேசினார். படகுக்காரனிடம் பேசினார். கோட்டை வாசலில் ஈட்டி பிடித்து நின்ற காவலாளி ஒரே வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்கிற ஜடம். அவனிடமும் விடாமல் பேசி, அவனுக்கு முதுகுவலி என்று கண்டுபிடித்தார். பேச்சுத் திறமை அவ்வளவு இருந்ததால், ஒவ்வொருவரிடமும் சொல்வதற்கு அவருக்கு மட்டும் ஆறேழு பதில்கள் திரையில் வரிசையாக வந்து நின்றன. மகளுக்கு வருவது "சரி", "முடியாது" இரண்டுதான். அவள் பாலத்தடியில் வாளோடு காத்துக்கொண்டே நிற்பாள். இதில் பெரிய கொடுமை, பதிலைத் தேர்ந்தெடுக்க இடது கட்டைவிரல் ஒன்றே போதும். வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் போல அவர் மடியில் கிடந்தது.

"என்கிட்ட கல்யாணமான நாள்லேருந்து 'ம்', 'சரி', 'வை'. இந்த மூணுதான்," என்றாள் அம்மா, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே. "ஆட்டுக்காரனோட பொண்டாட்டிக்கு உடம்பு தேவலையான்னு கேக்குறாரு பாரு."

வாரக் கடைசியில் பிசியோதெரபிக்காரப் பெண் வந்து, தன் இரண்டு விரல்களை நீட்டி அப்பாவை அழுத்தச் சொன்னாள். அப்பா அழுத்தினார். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாசல்வரை வந்த மகளிடம் மட்டும், "போன தடவை மாதிரியேதான் இருக்கு. விட்டுட்டா இறுகிப் போயிடும், பாத்துக்கோங்க," என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனாள்.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று பிற்பகல் அப்பா கண்ணயர்ந்த நேரத்தில் அவள் டிவி முன்னால் உட்கார்ந்தாள். விளையாட்டுக்குள் ஒரு குளம் உண்டு. அதில் ஒரே ஒரு தடவை முங்கி எழுந்தால் ஆளையே மாற்றிக்கொள்ளலாம். அப்பாவின் ஆளை அதில் இறக்கி, பேச்சிலிருந்த பாயின்ட்டையெல்லாம் உருவிப் பலத்தில் போட்டாள். அப்படியே தோளையும் அகலப்படுத்தினாள். காதைச் சுருக்கினாள். தாடையை, தொழில் பழக்கத்தில், பல் சேருகிற இடத்துக்கு இழுத்துவிட்டாள். கரையேறியவன் பார்க்க நன்றாகவே இருந்தான்.

அப்பா எழுந்து வந்து விளையாட உட்கார்ந்தார். அந்தப் புதியவனைச் சற்று நேரம் பார்த்தார். ஆடு மேய்க்கிறவனிடம் நடத்திக்கொண்டு போனார். ஆட்டுக்காரன் அவனைக் கண்டதும் ஆடுகளை விட்டுவிட்டு ஓடினான். படகுக்காரன் ஓடவில்லை. ஆனால் அவனிடம் சொல்லத் திரையில் இரண்டே பதில்கள்தான் வந்தன. "வழியை விடு." "அடிப்பேன்." அப்பாவின் இடது கட்டைவிரல் இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வந்தது. பிறகு கன்ட்ரோலரை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"உங்க கைக்காகத்தான்பா."

அப்பா எழுந்து, காலை இழுத்து இழுத்து, தன் அறைக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. கோபம் என்றால்கூடச் சண்டை போடலாம். இது கோபமும் இல்லை, பழைய அப்பா திரும்ப வந்துவிட்டார், அவ்வளவுதான். தட்டு வைத்தால் சாப்பிட்டார். மாத்திரை கொடுத்தால் விழுங்கினார். மகள் இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் காலை பேப்பரை அவர் முகத்துக்கு நேரேயிருந்து பிடுங்கினாள்.

"வாயைத் திறந்து திட்டுங்க. தொடாதேன்னு சொல்லுங்க. கல்லுல முட்டிக்கிற மாதிரி இருக்கு. இப்ப மட்டுமில்ல, எப்பவும் இப்படித்தான். முன்னாடி நான் புருஷன் வேண்டாம்னு பெட்டியோட வந்து நின்ன அன்னிக்கு, எல்லாரும் ஆளுக்கொண்ணு சொன்னாங்க. நீங்க இதே நாற்காலியில இப்படியே உக்காந்திருந்தீங்க. நல்லதோ கெட்டதோ, ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

சமையலறையில் குழாய் நின்றது. அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அழப் போகிறாரோ என்று மகள் பயந்துவிட்டாள். அவர் சொல் தேடிக்கொண்டிருந்தார்.

"இருந்துச்சு," என்றார். "சொல்ல இருந்துச்சு. வரல." சற்று மூச்சு வாங்கினார். "எனக்கு எப்பவும் வராது பாப்பா. கிரேன் மேலேருந்து பாப்பேன். கீழ எல்லாரும் பேசிக்கிட்டே வேலை செய்வாங்க. எப்படித்தான் வருதோன்னு நினைப்பேன்." இடது கையால் டிவியைக் காட்டினார். "அவனுக்கு வந்துச்சு."

இவ்வளவு எரிச்சலைச் சுமந்துகொண்டு வந்து, இறக்கி வைக்க இடமில்லாமல் நிற்பதுபோல இருந்தது மகளுக்கு. பேப்பரை மடித்து அவர் மடியில் வைத்தாள்.

குளத்தில் இரண்டாவது தடவை முங்க முடியாது. முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். "மறுபடியும் மூக்கா," என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் விளையாட்டைப் போட்டாள். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கன்ட்ரோலரைக் கொடுக்கும்போது, அவருடைய வலது கையையும் தூக்கி அதன் மேல் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"முகத்தைத் திருப்பிப் பாக்குறது இந்தக் கட்டைவிரல்தான். சண்டையெல்லாம் நான் போட்டுக்குறேன். ஆனா திருப்புறதுக்கு இந்தக் கைதான். இடது கையைக் கொண்டு வந்தீங்கன்னா பிடுங்கிடுவேன்."

அப்பாவின் வலது கட்டைவிரல் நழுவியது, மறுபடி ஏறியது, மறுபடி நழுவியது. திரையிலிருந்த தலை வெடுக்கென்று பிடரியைக் காட்டியது. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். நெற்றி வியர்க்க வியர்க்க அவர் அந்தத் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் கொண்டுவந்தார். வெயில் சாய்ந்து திரையில் அடித்தபோது அம்மா வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

இந்தத் தடவை ஆட்டம் அவர்களை ஓர் ஆற்றங்கரையில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. கரையில் ஒரு கிழவி துணி அலசிக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்து, "யாரப்பா நீ?" என்றாள். பதில்கள் வரிசையாக வந்தன.

அப்பா எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. முதல் பதிலை வாய்விட்டுப் படித்தார். பாதியில் நாக்குப் புரண்டது. நிறுத்தி, எச்சில் விழுங்கி, மறுபடி முதல் சொல்லிலிருந்து ஆரம்பித்தார்.

"என்ன கேக்குறா அவ?" என்று அம்மா சோபாவின் கைப்பிடியில் வந்து உட்கார்ந்தாள்.

மகளுக்குக் கை பரபரத்தது. ஒரு பட்டனைத் தட்டினால் முடிந்துபோகும். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள். அப்பா இரண்டாவது பதிலுக்கு வந்திருந்தார். திரையில் கிழவி, பிழிந்த துணி கையில் சொட்டச் சொட்ட, கண்ணை ஒரு தடவை சிமிட்டிவிட்டு அப்படியே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் ஆறு ஓடிக்கொண்டே இருந்தது.