கேப்டன் மேசையில் எங்கள் காடு

சன்னாசிக்குக் கை சும்மா இருக்காது. ரப்பர் மரத்தில் பால் வெட்டி, வாளியை ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்தால் மற்ற ஆம்பளைகள் கள்ளுக்கடைப் பக்கம் போவார்கள். இவன் மட்டும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டு குப்பையைக் கிளறுவான். பால்கோப்பையைக் கட்டும் கம்பியை முறுக்கி மரம் செய்வான். காய்ந்த பீர்க்கங்கூட்டைப் பிய்த்துப் பச்சைச் சாயத்தில் முக்கி அதன் தலையில் செருகினால் இலை வந்துவிடும். கோப்பையில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உருட்டினால் பாறை. தேத்தண்ணி வடித்த சக்கையைக் காயவைத்துத் தூவினால் காட்டுத் தரை. பசைக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள், ரப்பர் மரம்தான் தினமும் கொடுக்கிறதே. மாரியம்மன் திருவிழாவில் வள்ளி கிளி விரட்டும் தினைப்புனத்தை வருசா வருசம் அவன்தான் செய்வான். கெர்லிங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்ப்பார்கள். சும்மா சொல்லக்கூடாது, வந்து பார்க்க வேண்டிய வேலைதான்.

அப்படி வந்து பார்த்தவர்களில் பட்டாளத்துக் கேப்டனும் ஒருவன். அது வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். காட்டோரத்து லயங்களையெல்லாம் பிரித்துக்கொண்டுவந்து எங்களை முள்வேலிக்குள் அடைத்திருந்தார்கள். வேலியைத் தாண்டி ஒரு பிடி சோறு போகக்கூடாது என்று சட்டம். பால் வெட்டப் போகிறவர்களின் வாளியைக்கூட கேட்டில் கவிழ்த்துப் பார்த்துத்தான் விடுவார்கள்.

துரை பங்களாவின் முன்கூடத்தில் பட்டாளம் தங்கியிருந்தது. அங்கே ஒரு பெரிய மேசை. கேப்டன் சாயங்காலமானால் அதன் மேல் ஈயச் சிப்பாய்களை நிறுத்தி, தாயக்கட்டை போல எதையோ உருட்டி, இன்னொரு ஆபீசரோடு விளையாடுவான். வெறும் மேசையில் ஆடுவது அவனுக்குச் சப்பென்றிருந்தது போலிருக்கிறது. இந்தத் தோட்டத்துக் காட்டையே அதன் மேல் செய்து தர முடியுமா என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் நல்லசாமி கிராணி மூலம் சன்னாசியைக் கேட்டான்.

சன்னாசிக்குத் தலைகால் புரியவில்லை. மீசை வைத்த மனுசன் பொம்மை வைத்து ஆடுகிறானே என்று வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவன் பெண்டாட்டி கங்காவுக்கு வாய் நீளம். அவள் குரல் எடுத்தால் அடுத்த லயத்தில் கோழி ஓடும். துரைமார் விளையாட்டில் உனக்கென்ன வேலை, பேசாமல் பாலை வெட்டு என்றாள். அவன் காதில் விழவில்லை.

மேசையில் காடு எழும்பியது. திருவிழாக் காடாக இருந்தால் எப்படியோ நாலு மரம் நட்டுவிட்டுப் போகலாம். இது எங்கள் காடு. எந்த மேட்டில் மூங்கில், எந்தப் பள்ளத்தில் பிரம்பு, ஓடை எங்கே வளைகிறது, இடி விழுந்து சாய்ந்த மரம் எந்தப் பக்கம் தலை வைத்துக் கிடக்கிறது என்று ஒன்று விடாமல் வைத்தான். உடைந்த கண்ணாடியில் ஓடை ஓடியது. கேப்டன் தினமும் குனிந்து பார்த்து 'குட், குட்' என்பான். அந்த ஒரு சொல்லுக்காகவே இவன் மறுநாள் இன்னும் நாலு மரம் கூட நட்டான்.

எல்லாம் முடிந்தும் சன்னாசிக்கு மனசு ஒப்பவில்லை. தினைப்புனம் செய்யும்போது முதலில் முனிக்கு ஒரு கல்லை வைத்துவிட்டுத்தான் மரத்தில் கை வைப்பான். காவல் இல்லாத காடு உண்டா? தோட்டத்து ஆள் எவனும் அப்படிச் செய்யமாட்டான். பங்களாவாயிற்றே என்று கூச்சப்பட்டு இங்கே விட்டிருந்தான். கடைசியில் பொறுக்கமாட்டாமல், ஓடைக்கு அந்தப் பக்கம் நிற்கும் பெரிய அத்திமரத்தடியில், நிஜத்தில் முனி இருக்கிற அதே இடத்தில், மிளகளவு கல்லை ஒட்டிக் குங்குமம் தொட்டு வைத்தான். அதோடு நிறுத்தினானா, பாவி. வாழையிலைக் கிழிசலில் நாலு நொய்யரிசியை ஒட்டிக் கல்லுக்கு முன்னால் படையலும் போட்டான்.

கேப்டன் கண்ணில் முதலில் பட்டது அதுதான். அது என்ன என்று கிராணி மூலம் கேட்டான். சன்னாசி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அது முனி, காட்டுக்குக் காவல், வெள்ளிக்கிழமை தவறாமல் படையல் உண்டு என்றான். வேலி போட்ட பிறகுமா என்று கேப்டன் கேட்டதாகக் கிராணி சொன்னார். வேலி போட்டால் சாமிக்குப் பசிக்காதா என்று சன்னாசி சிரித்தான். கேப்டனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஓர் ஈயச் சிப்பாயை எடுத்து அத்திமரத்துக்குப் பக்கத்துப் புதரில் படுக்க வைத்தான். புதர் சிப்பாயை முழுசாக மறைத்துவிட்டது. அதைப் பார்த்துச் சன்னாசிக்குப் பெருமையாக இருந்தது. அவ்வளவு அடர்த்தியாகச் செய்திருந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை நவமணி பிடிபட்டாள்.

நவமணி அவனுக்குப் பக்கத்து வீடு. புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். சின்னப் பிள்ளைக்கும் அதே காய்ச்சல் வந்தபோது முனிக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் முந்தானைக்குள் ஒரு பிடி சோறு, ஒரு சுருட்டு, ஓர் எலுமிச்சம்பழம். கேட்டில் வாளியைத்தானே கவிழ்ப்பார்கள். லயத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்ததில்லை. அவள் இலையை விரித்துச் சோற்றை வைத்ததும் புதரிலிருந்து சிப்பாய்கள் எழுந்து நின்றார்கள். கம்யூனிஸ்டுக்குச் சோறு போட்டாள் என்று பங்களாவுக்கு இழுத்துப் போய் விசாரித்துவிட்டு, லோரியில் ஏற்றிக் கோலகுபு போலீசுக்கு அனுப்பிவிட்டார்கள். லோரி லயத்தைத் தாண்டும்போது அவள் கங்காவைக் கூப்பிட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். வேறு தோட்டங்களில் அப்படி நடந்திருந்தது. இங்கே பிறந்த இரண்டு பிள்ளைகள் அம்மா இல்லாமல் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. கங்கா ஒருத்தரையும் கேட்காமல் இரண்டையும் தன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

அன்று முதல் சன்னாசியின் வீட்டுக்குள்ளேயே சாபம் ஆரம்பித்தது. காலையில் அடுப்புப் பற்ற வைக்கும்போது ஒரு தடவை, பிள்ளைகளுக்குத் தலை வாரும்போது ஒரு தடவை. அத்திமரத்து இடம் பட்டாளத்துக்கு எப்படித் தெரியும், எவனோ கையை நீட்டிக் காட்டியிருக்கிறான் என்பது கங்காவின் கணக்கு. வாசலில் மண்ணை வாரித் தூற்றி, "காட்டிக் குடுத்த கை அழுவி விழணும்" என்பாள். அவள் புருஷன் அந்தக் கையால் அப்போது சோறு பிசைந்துகொண்டிருப்பான்.

மேசையில் முனி இருந்தது கிராணியையும் அவனையும் தவிர லயத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. கிராணியிடம் போய் அழுதான். "வாய மூடிக்கிட்டு இருலா சன்னாசி. பேரு வெளிய வந்தா ரெண்டு பேருமே தொலஞ்சோம்" என்றார் அவர். ஆனாலும் மனுசன் நல்லவர், கேப்டனிடம் கூட்டிப்போனார்.

சுருட்டும் எலுமிச்சம்பழமும் சாமிக்குத்தான், காட்டு ஆளுக்கு யார் எலுமிச்சம்பழம் வைப்பார்கள் என்று சன்னாசி சொல்லச் சொல்லக் கிராணி இங்கிலீசில் சொன்னார். கேப்டன் பொறுமையாகத்தான் கேட்டான். இது இப்போது போலீஸ் விஷயம், சொல்லிப் பார்க்கிறேன் என்றான். பிறகு மேசையைக் காட்டி, மூங்கில் மேட்டில் இரண்டு மரம் சாய்ந்துவிட்டது, சரிசெய்ய முடியுமா என்று கேட்டான்.

சன்னாசி சரிசெய்தான். இதைத்தான் அவனால் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி லாக்கப்பில் கிடக்கிறாள், இவன் கம்பியை நிமிர்த்துகிறான். முனியின் கல்லைப் பிடுங்கிவிட்டு அங்கே ஒரு சிவப்புக் குண்டூசி குத்தியிருந்தார்கள். அதைப் பார்த்தும் கை நிற்கவில்லை. மரத்தை நட்டதோடு விடாமல், சாயம் வெளுத்துவிட்டதே என்று இலையை மாற்றினான். வேலை முடிந்து ஓரடி பின்வாங்கித் தலையைச் சாய்த்துப் பார்த்தான். நன்றாக வந்திருக்கிறது என்று மனசு சொன்னது. அந்த நொடியில் அவனுக்கு வந்த வெட்கம் சொல்லி மாளாது.

கேப்டன் சொன்னானோ, எலுமிச்சம்பழம்தான் சாட்சி சொன்னதோ, ஆடி முடிவதற்குள் நவமணியை விட்டுவிட்டார்கள். கன்னம் ஒட்டிப் போய் சாயங்காலம் நடந்து வந்தாள். பிள்ளைகள் ஓடிப் போய்க் காலைக் கட்டிக்கொண்டன. லயமே கூடிவிட்டது. கங்கா எல்லார் முன்னாலும் மறுபடி மண்ணை வாரினாள். நவமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, போதும் அக்கா, விடுங்க என்றாள். கங்கா அதை அலுப்பு என்று எடுத்துக்கொண்டாள். அவளுக்குச் சோறு போட உள்ளே போனாள். கூட்டம் கலைந்தது.

சன்னாசி தண்ணிப் பைப்பு ஓரமாக நின்றிருந்தான். இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்ல முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது. நவமணி முகம் கழுவ அங்கே வந்தாள். "நவமணி, அந்த அத்திமரத்து எடம்..." என்று ஆரம்பித்தான்.

"தெரியும்ணே" என்றாள் நவமணி.

அவன் அவளைப் பார்த்தான்.

"புடிச்ச அன்னிக்கே அந்த மேசகிட்டதான் என்னை நிக்க வச்சாங்க. யாரு யாரு எந்தப் பக்கமா வருவாங்க, காட்டுன்னாங்க. மரத்தப் பாத்ததுமே உங்க கைன்னு தெரிஞ்சி போச்சு. வேற யாருக்கு அப்புடி வரும்?"

"அப்பவே ஏன் சொல்லல?" என்றான் சன்னாசி. கோபப்படவாவது அவனுக்கு ஏதாவது வேண்டியிருந்தது.

"சொல்லிட்டு? எம்புள்ளைங்கள எந்த வீட்டுல விடுறது?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் திரும்பினாள். சோற்றுத் தட்டோடு கங்கா அங்கே நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள், எதுவரை கேட்டாள் என்று கேட்கத் தேவையே இல்லை. முகத்தில் எழுதியிருந்தது. சன்னாசி கண்ணை மூடிக்கொண்டான். இப்போது குரல் வெடிக்கும், லயம் முழுக்கத் திரும்பி வரும், வரட்டும் என்று காத்திருந்தான்.

ஒன்றும் வெடிக்கவில்லை. கங்கா தட்டை நவமணி கையில் கொடுத்தாள். உள்ளே போய்ப் பிள்ளைகள் படுத்த பாயைச் சுருட்டி எடுத்து வந்தாள்.

"திட்டு கங்கா" என்றான் சன்னாசி. "ஒரு வார்த்தையாச்சும் திட்டு."

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"நட நவமணி" என்றாள், "பாய உன் வீட்டுல நான் கொண்டாந்து விரிச்சி விடுறேன்."